திருப்பிக் கொண்டுவந்த பெட்டை

நெல்லிக்குப்பம் ஆலை வாசலைத் தாண்டிக் கடலூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முறை வராமல் வரிசையில் நின்ற கரும்பு டிராக்டர் ஒன்றின் மேலிருந்து ஒருவன், "என்னாப்பா, சேவலுக்குக் கம்பு வாங்கவா?" என்று கத்தினான். ஆமாம் என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தேன். பையில் இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு போர்வை. கம்பு வாங்கப் போகிறவன் போர்வையை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறான் என்று அவன் யோசிக்கவில்லை. 2010 முடிகிற சமயம், மார்கழி. மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. சாலையோரச் சேற்றில் கரும்புச் சோகை மிதிபட்டுக் கிடந்தது. சாயங்கால வெயிலுக்குச் சூடே இல்லை. காலையிலிருந்து பஸ் மாறி மாறிச் சிதம்பரம் வரை போய், அதே மாதிரி திரும்பி வந்து, வந்த வீட்டிலும் இருக்காமல் கிளம்பியிருந்தேன். சட்டையில் கோழி வாடை அடித்தது. கால் வலியைவிட உடம்பு முழுக்க ஓர் அசதி.

ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்குப் புதிது இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூரில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். பண்ருட்டியில் முந்திரி மூட்டை தூக்கினேன். சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கடற்கரை ஊர்களில் வரிசை வரிசையாக வீடு கட்டினார்களே, அங்கே கலவை சுமந்தேன். எல்லா இடத்திலிருந்தும் ஏதாவது ஒரு காரணத்தால் கிளம்பினேன். மேஸ்திரி கை நீட்டியிருப்பான், வேலை முடிந்திருக்கும், இல்லை என்றால் காலையில் எழுந்ததும் அங்கே இருக்கப் பிடித்திருக்காது. நெல்லிக்குப்பத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சோறு இருந்தது, படுக்க இடம் இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த ஒரு கிளம்பலைத்தான்.

நான் இருந்த வீட்டுக்காரரை டிரைவர் என்றே எழுதுகிறேன். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது. ஒரு விவசாயியின் டிராக்டரில் ஆலைக்குக் கரும்பு ஓட்டுவார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கரும்பு வெட்டும் கூட்டத்தில் நான் கட்டுத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பழக்கம். வயலில் இருந்தவரை என்னை "மச்சான்" என்றுதான் கூப்பிட்டார். வெட்டு முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போனபோது, எனக்குப் போக ஊர் என்று ஒன்று இல்லாததைப் பார்த்து, கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்போதே நான் "தம்பி" ஆகிவிட்டேன். வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற தங்கச்சி ஒருத்தி இருந்தாள். மச்சான் என்று ஒருவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனால் தெரு வேறு மாதிரி பேசும். அதனால் அவர் எனக்கு அண்ணன், அவள் எனக்குத் தங்கச்சி, அவர்கள் அம்மா எனக்கும் அம்மா. அவ்வளவுதான் அந்த வீடு. நான் பின்பக்கக் கொட்டகையில், பழைய டிராக்டர் டயர்களுக்கும் தீனி மூட்டைக்கும் நடுவில் படுத்துக்கொள்வேன்.

கொட்டகைக்குப் பின்னால் கரும்புத் தோட்டம் தொடங்கும் வரை நீளமான புழக்கடை. அங்கே வளர்ந்தவை எல்லாம் சண்டைக்கோழிகள். சேவல்களைக் காலில் கயிறு போட்டுத் தனித்தனி முளையில் கட்டியிருப்போம். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவே கீற்றுத் தட்டி. பார்த்துவிட்டால் பொழுது முழுக்கக் கயிற்றை இழுத்துக் காலைப் புண்ணாக்கிக்கொள்ளும். பெட்டைகள் அவிழ்த்துவிட்டு மேயும். சேவல் சண்டை அப்போதும் சட்டப்படி கூடாதுதான். பொங்கலை ஒட்டி ஏதாவது சவுக்குத் தோப்பில் கூடுவார்கள், போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் கலைவார்கள். அந்தக் கூட்டமும் பந்தயமும் டிரைவருக்குப் பெரிதில்லை. போவார், சேவலை விடுவார், முடிந்ததும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு முக்கியம் புழக்கடையில் நடப்பதுதான். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது. காலையில் பல் விளக்கிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்து குஞ்சுகளைப் பார்ப்பார். பற்பசை நுரை தாடையில் காய்ந்துபோகும் வரை பார்ப்பார். கையில் எடுத்தால் நெஞ்செலும்பு நேராக ஓடுகிறதா என்று விரலால் தடவுவார். கண் வெளுத்திருக்க வேண்டும், அலகு குட்டையாகத் தடித்திருக்க வேண்டும், கால் செதில் வரிசை பிசகாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சேவல் வளர்க்கிற யாரும் பார்ப்பதுதான். அவரிடம் இருந்த பிடிவாதம் வேறு. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்த பிறகு, அவற்றில் ஒரு சேவல் சண்டையில் முதுகு காட்டி ஓடிவிட்டால், ஓடியது மட்டும் குழம்புக்குப் போகாது. கூடப் பிறந்த எல்லாமே போகும். நன்றாக நின்று அடித்த சேவலும் போகும், பெட்டைகளும் போகும். "அந்த ஓட்டம் எல்லாத்துலயும் இருக்கு தம்பி. ஒண்ணு காட்டிக் குடுத்துடுச்சி, மத்ததெல்லாம் மறைக்கிது" என்பார். இன்னொன்று, அந்த வீட்டிலிருந்து பெட்டை வெளியே போகாது. சேவல் கேட்டால் தாராளமாகக் கொடுப்பார். சேவலின் தைரியம் தாயிடமிருந்து வருகிறது என்பது அந்தப் பக்கத்துச் சேவல்காரர்கள் எல்லோருடைய நம்பிக்கை. பெட்டையைக் கொடுப்பது வம்சத்தையே தூக்கிக் கொடுப்பது மாதிரி. முட்டைகூடப் போகக் கூடாது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் அம்மா அவித்துத்தான் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் அந்த அவித்த முட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "தலைக்குத் தேய்க்க முட்ட கேட்டா அவிச்சுக் குடுக்கறீங்களே, இத நா எங்க தேய்க்கறது?" என்று கேட்டாள். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமல், "எம் மவன் மண்டையில தேய்யி, அப்பவாவது புத்தி வருதா பாப்போம்" என்றாள்.

அந்தப் புழக்கடைக்கே தாய் ஒரு பெட்டை. கறுப்பில் சிவப்பு ஓடிய உடம்பு, உயரமான கால். குஞ்சுகளைத் தூக்க இறங்கிய பருந்தை எகிறி அடித்துத் தோட்டத்துக்குள் துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். டிரைவரின் பேர்பெற்ற சேவல்கள் எல்லாம் அதன் வயிற்றில் வந்தவை. நான் போன மறு வருஷம் அதன் ஓர் அடையில் வந்த இளஞ்சேவல் ஒன்றை, கால் முள்ளில் துணி சுற்றிப் புழக்கடையிலேயே மோதவிட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் நன்றாக நின்றது. பிறகு கழுத்து மயிரை விரித்துக் கொக்கரித்துக்கொண்டு தட்டிக்கு அடியில் புகுந்துவிட்டது. அன்று சாயங்காலமே அதை அறுத்தார். அண்ணன் தம்பிகள் அந்த வாரத்துக்குள் போயின. மிச்சம் இரண்டு பெட்டை. தாயை உரித்து வைத்த மாதிரி இருந்தன. ஒவ்வொரு நாளும் கையில் எடுப்பார், தடவுவார், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கீழே விடுவார். அந்தக் குஞ்சுகளை வளர்த்தவள் தங்கச்சி. தனக்காகத்தான் விட்டுவைக்கிறார் என்று நினைத்து, "எனக்காகப் பாக்காதண்ணே, அறுக்கறதுன்னா அறு" என்றாள். "ஒனக்காக ஒண்ணும் இல்ல" என்றார். அது உண்மை. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தவற்றைக் கழிக்க அவருக்கு மனசு வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தங்கச்சிக்குக் காட்டுமன்னார்கோயிலில் இடம் வந்தது. மாப்பிள்ளை நெல் அரைக்கும் மில்லில் வேலை. அவருடைய அப்பாவும் சேவல் வளர்க்கிறவர், தோப்புகளில் டிரைவரைப் பார்த்துப் பழகியவர். தட்டு மாற்ற வந்த அன்று, பேச வேண்டியது எல்லாம் பேசி முடித்துவிட்டு அவர் டிரைவரைப் பார்த்துச் செருமினார். "நகநட்டு நீ போடறதப் போடு மாப்ள. எனக்கு ஒண்ணே ஒண்ணு. ஒங்க வூட்டுப் பெட்டயில ஒரு ஜோடி." உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "இவுரு பொண்ணு கேக்க வந்தாரா, கோழி கேக்க வந்தாரா?" மாமனார் சிரித்தார். "ரெண்டும் நல்ல எடத்துல எடுக்கணும்ல சம்மந்தி?" டிரைவர் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்து முடித்து, சரி என்றார். புழக்கடை வாசலில் நானும் தங்கச்சியும் நின்றிருந்தோம். எந்த ஜோடி போகும் என்று எங்கள் இருவருக்கும் அப்போதே தெரிந்தது. அவள் தரையைப் பார்த்தாள். மறுநாள் நான் கேட்காமலே டிரைவர் என்னிடம் வந்து, "அதே வயித்துல வந்ததுதான? பொய்யா சொல்றேன்?" என்றார். நான் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் பதில் கேட்கவும் இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பீரோவும் கட்டிலும் குடமும் போன அதே வேனில் பஞ்சாரக் கூடைக்குள் அந்த இரண்டு பெட்டைகளும் போயின. யாரோ விளையாட்டுக்குப் பஞ்சாரத்திலும் ஒரு முழம் பூவைச் சுற்றிவிட்டிருந்தார்கள். மாமனார் வேனிலிருந்து மருமகளுக்கு முன்னால் பஞ்சாரத்தைத்தான் இறக்கினார் என்று கூடப் போனவர்கள் வந்து சொல்லிச் சிரித்தார்கள்.

பெட்டைகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, சேவல்கள் வளர்ந்தன. மாமனார் தன் ஊர் முழுக்க "நெல்லிக்குப்பத்து ரத்தம்" என்று சொல்லிக்கொண்டே வளர்த்திருக்கிறார். 2010 பொங்கலுக்குத் தோப்பில் இறக்கினார். அந்தச் சேவல் முதலில் நின்றது. நடுவில் பிரித்துத் தண்ணீர் காட்டிவிட்டு மறுபடி விட்டதும் முதுகு காட்டியது. வெறுமனே ஓடவில்லை, கூடி நின்றவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, டீ விற்கிறவனின் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "ஒன் நெல்லிக்குப்பம் டீ குடிக்கப் போச்சிய்யா" என்று ஒருவன் சொல்ல, தோப்பே சிரித்ததாம். வீட்டுக்குப் போன மாமனார் அந்த அடையில் வந்தவற்றையும் இரண்டு தாய்களையும் அறுத்துப்போட்டார். டிரைவரின் வழக்கம்தான் அவருக்கும், தாயையும் விடாதது மட்டும் கூடுதல். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "ஒங்கண்ணன் எனக்குக் கொழம்புக் கோழிய அனுப்பியிருக்கான். கூட வந்தது எப்படின்னு நா எதவெச்சு நம்பறது? சரியான பெட்டய எடுத்துக்கிட்டு வா, அப்பறம் பேசலாம்." மாப்பிள்ளை பக்கத்தில் நின்றிருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் எங்களிடம் இதை அப்படியே, யாரையும் குறை சொல்லாமல் சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துப் புழக்கடையைக் கூட்டப் போனாள்.

அந்த வருஷம் எப்படி ஓடியது என்று யோசித்தால் அலுப்புதான் மிஞ்சுகிறது. அழுகையோ கூச்சலோ இல்லை. தினமும் ஒரே பேச்சு. "வருசம் நெரம்பாத பிஞ்சு சேவல எறக்கிட்டு எம் பெட்டயக் கொற சொல்றான்" என்பார் டிரைவர். "ஒனக்குக் கூடப் பொறந்தவ பெருசா, முட்ட போடறது பெருசா?" என்பாள் அம்மா. "இப்ப குடுத்தா முன்ன குடுத்தது மட்டம்னு நானே ஒத்துக்கிட்ட மாரி ஆயிடும்மா" என்பார். அதுதான் முடிச்சு. அதோடு இன்னொன்றும் இருந்தது. ஓடியதை ஒட்டிக் கழித்துக் கழித்து, அந்த வம்சத்தில் தாய்ப் பெட்டை மட்டும்தான் மிச்சம். அதுவும் கிழடாகிக்கொண்டு வந்தது, முன்னைப் போல முட்டை இடவில்லை. அதைக் கொடுத்தால் புழக்கடை காலி. கொடுக்காவிட்டால் தங்கச்சி இங்கேயே. மாப்பிள்ளை மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பொட்டலத்தோடு வந்து வேலிப் படலுக்கு வெளியே நிற்பார். உள்ளே கூப்பிட்டாலும் வர மாட்டார். "அப்பா மனசு மாறும்" என்று ஒருநாள் அவர் சொன்னதும், "அப்பா மனசு இருக்கட்டும். ஒங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?" என்று இவள் கேட்டதும் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது. அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்கழி பிறந்ததும் மாமனாரிடமிருந்து போன் வந்தது. பொங்கலுக்குள் பெட்டையோடு வந்தால் வரட்டும், தை பிறந்துவிட்டால் வேறு பேச்சுப் பேச வேண்டியிருக்கும் என்றார். அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, மறுநாளும் மூட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டிரைவர் புழக்கடைக்குப் போனார். தாய்ப் பெட்டை அப்போது அடையில் இருந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சாதாரண நாட்டுக்கோழி ஒன்றின் வயிற்றுக்கு அடியில் தள்ளினார். பெட்டையை ஒயர் கூடையில் உட்கார வைத்து, தன் துண்டையே மேலே போட்டுக் கட்டினார். "நீ கூடப் போ தம்பி. நா வந்தா அந்தாளு மூஞ்சியப் பாக்கணும்" என்றார். குனிந்து கூடையிடம் ஏதோ முணுமுணுத்தார். தங்கச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினோம். கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாமா, கோழிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்றார். "சீட்டு குடுத்தீங்கன்னா முழு டிக்கெட் எடுக்கறோம்" என்றாள் தங்கச்சி. ஒரு வருஷத்தில் அவள் விளையாட்டாகப் பேசி அன்றுதான் கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "கொழம்புக்கா பாப்பா?" என்று விசாரித்தாள். இல்லை, மாமனாருக்கு என்றாள் இவள். "குடுத்து வெச்ச மாமனாரு" என்றாள் அந்த அம்மாள். அதற்குப் பிறகு சிதம்பரம் வரும்வரை தங்கச்சி கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வயல்களில் தண்ணீர் நின்றது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. லால்பேட்டைக்குப் போகிற குடும்பம் ஒன்று மூட்டை மூட்டையாகச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் கூடையோடு படியில் கால் வைத்தேன். "அண்ணே, எறங்குங்க" என்றாள்.

"பஸ் போயிடும் தங்கச்சி."

"நா போறேன். நீங்க இதத் திருப்பிக் கொண்டு போயிடுங்க."

எனக்கு விளங்கவில்லை. கோழி இல்லாமல் போனால் அவர் வீட்டுக்குள் விடுவாரா என்று கேட்டேன்.

"உடலாம், உடாமயும் இருக்கலாம். இதக் குடுத்துட்டு உள்ள போனேன்னா என்னா ஆகும்? இதும் குஞ்சு பொரிக்கும். அதுல ஒண்ணு நாளைக்கு ஓடும். ஓடாத சேவலே கெடையாதுண்ணே, இன்னிக்கு நிக்கறது என்னிக்கோ ஒருநாள் ஓடத்தான் செய்யும். நா கோழி மேச்சவ, எனக்குத் தெரியாதா? அப்ப மறுபடியும் என்னத் தொரத்துவாரு. வந்து எந்தக் கோழியக் கேப்பேன்? எங்கண்ணங்கிட்ட வேற இருக்கா?"

"உள்ள உடலன்னா?"

"வாசல்ல உக்காருவேன். எங்க வூட்டுக்காரரு எத்தினி நாளைக்கு வேலிக்கு வெளிய நின்னாரு? இப்ப நா நிக்கறேன்." கண்டக்டர் விசில் அடித்தார். அவள் ஏறிவிட்டாள். லால்பேட்டைக் குடும்பத்தின் மூட்டைகளுக்கு நடுவில் அவள் நின்றதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. கையில் அந்த ஒரு பை. பஸ் திரும்பிப் போகும்வரை நான் கூடையோடு நின்றேன். பெட்டை துண்டுக்கு அடியில் அசையாமல் இருந்தது. அதற்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று தோன்றியது. டீக்கடையில் ஒரு கிளாஸ் வாங்கி வைத்தேன். குடித்தது.

மத்தியானம் தாண்டி வீட்டுப் படலைத் திறந்தபோது டிரைவர் புழக்கடையிலிருந்து ஓடி வந்தார். கூடையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வேணாம்னுட்டானா?" என்று கேட்டுக்கொண்டே துண்டை அவிழ்த்தார். பெட்டையைத் தூக்கி நெஞ்சைத் தடவினார், சிறகை விரித்துப் பார்த்தார், அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தண்ணி குடுத்தியா?" என்றார். குடுத்தேன் என்றேன். அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எம் பொண்ணு எங்கடா?" சிதம்பரத்தில் நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்படியே உட்கார்ந்தாள். டிரைவர் பெட்டையின் கால் செதிலில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அவர் கையில் பெட்டை இருந்ததால் நான் எடுத்தேன். தங்கச்சிதான், வீட்டுக்காரர் போனிலிருந்து பேசினாள். "அண்ணே, வந்து சேந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க." மாமனார் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கையப் பாத்தாரு, பையப் பாத்தாரு. கோழி எங்கன்னாரு. எங்கண்ணன் வூட்ல இருக்கு, வேணும்னா நீங்க போயிப் பேசிக்குங்க, நா இங்க வாழ வந்தவன்னு சொல்லிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். அப்பறம் எங்க வூட்டுக்காரரு எழுந்து வந்து எங் கையிலேருந்து பைய வாங்கிக்கிட்டுப் போயி உள்ள வெச்சாரு. மாமனாரு ஒண்ணும் பேசல, வெளிய உக்காந்திருக்காரு. ஒல வெச்சிருக்கேன், அவருக்கும் சேத்துத்தான்." பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அம்மா காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பில் சுள்ளி வைத்தாள்.

டிரைவர் என் பக்கத்தில் வந்தார். "கோழிய மறுபடி கேக்கலியா அவன்?"

"ஒரு தடவ கேட்டாராம். அதுக்கு மேல கேக்கல."

அவர் முகத்தில் ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "பாத்தியா தம்பி? அவனுக்கே தெரியும். எம் பெட்டயில கொற இல்லன்னு ஒத்துக்கிட்டான். பிஞ்சுல எறக்குனது தப்புன்னு இப்பதான் ஒறச்சிருக்கு." பெட்டையை அணைத்துக்கொண்டு அடைக்கூடைப் பக்கம் போனார். நாட்டுக்கோழியைத் தள்ளிவிட்டு, முட்டைச் சூடு ஆறுவதற்குள் தாயை உட்கார வைக்கும் அவசரம் அவருக்கு.

டிரைவர் கெட்டவர் இல்லை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது கரும்பு லோடோடு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். மூன்று வருஷத்தில் ஒருநாள் என்னைப் பட்டினி போட்டதில்லை. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று வயசைக் கடத்தியவர். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இரண்டு வார்த்தை கத்திவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். வந்தது அலுப்பு. ஒருத்தி கூடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போய், உள்ளே கூப்பிடாத வாசலில் நின்று தன் இடத்தைப் பிடித்திருக்கிறாள். அது அவர் காதில் ஒரு பெட்டைக்குக் கிடைத்த நல்ல பெயராகத்தான் விழுந்தது. இனி எத்தனை வருஷம் அந்தப் புழக்கடையில் இருந்தாலும் அவரிடம் நான் கேட்கப்போவது இதே பேச்சைத்தான் என்று தெரிந்துபோயிற்று. கொட்டகைக்குப் போய்ப் போர்வையை மடித்தேன். அம்மா, "சோறு வெந்துடும், இருந்து தின்னுட்டுப் போ" என்றாள். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன். டிரைவர் அடைக்கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வரேண்ணே என்றேன். பெட்டை கலைந்துவிடும் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

தங்கச்சிக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அந்த முட்டைகள் பொரித்தனவா என்று தெரியாது. அடுத்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது அந்தப் பக்கத்துக் கூரைகள் எல்லாம் போயின என்றார்கள். அப்போது நான் வேறு ஊரில், வேறு வேலையில் இருந்தேன். போய்ப் பார்க்கவில்லை. இப்போதும் எப்போதாவது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறுகிறேன். காட்டுமன்னார்கோயில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

அன்று இருட்டிய பிறகு கடலூர் போய்ச் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் மஞ்சக்குப்பம் பக்கம் வேலை தேடி நடந்தேன். ஒரு கறிக்கோழிக் கடை வாசலில் பிளாஸ்டிக் கூண்டுகள் அடுக்கிய வண்டி நின்றது. இறக்க ஆள் வரவில்லை என்று கடைக்காரர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் இறக்கட்டுமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். எனக்குத் திருக்கோவிலூர் பக்கம், இத்தனை நாள் நெல்லிக்குப்பத்தில் டிரைவர் ஒருத்தர் வீட்டில் இருந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன்.

"அதெல்லாம் எதுக்குப்பா? கோழி புடிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எறக்கு."

இறக்கினேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வயசு. கூண்டுக்குள் கையை விட்டு எது அகப்பட்டதோ அதைக் காலைப் பிடித்து எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். எடுத்த கோழி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கண்ணை மூடித் திறந்தது. மத்தியானத்துக்குள் எல்லாக் கூண்டும் காலியாகிவிட்டன. தரையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, "நாளைக்கும் வந்துடு" என்றார் கடைக்காரர். சரி என்றேன்.